ஜிம் ரீவ்ஸ் பாடல்களைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் கேசட் அலமாரியிலிருந்து இறங்கிவிடும். 'சில்வர் பெல்ஸ்' ஓடும், 'ஆன் ஓல்ட் கிறிஸ்துமஸ் கார்ட்' ஓடும், அப்பா கூடவே முணுமுணுப்பார். ஜனவரி முதல் வாரத்தில் கேசட் மறுபடி மேலே போய்விடும். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது, பல வருடம் கழித்து அவருடைய ரிக்கார்டுகளைத் தேடி வாங்க ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. தெரிந்ததாக நினைத்ததில் பாதி தவறு. அதே தவறுகளை ஜிம் ரீவ்ஸை உண்மையாகவே நேசிக்கும் நண்பர்களிடமும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அவரை வெறும் கிறிஸ்துமஸ் பாடகர், பக்திப் பாடகர் என்று நினைப்பது. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் இது ரொம்பவே சகஜம். அவர் பக்திப் பாடல்கள் பாடியது உண்மைதான். 1962-இல் வந்த 'வீ தேங்க் தீ' ஆல்பம் அப்படிப்பட்டது, 'திஸ் வேர்ல்ட் இஸ் நாட் மை ஹோம்' அதில் இருக்கிறது. 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' 1963-இல் வந்தது. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இவை அல்ல. அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டில் ஒருவன் மது விடுதியிலிருந்து காதலிக்கு ஃபோன் போடுகிறான். அவள் பக்கத்தில் இன்னொருவன் இருக்கிறான். இங்கே நான் ஜூக்பாக்ஸ் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன், அங்கே நீ அவனைப் போகச் சொல்லிவிடு என்கிறான். அதுதான் 'ஹீல் ஹேவ் டு கோ'. அதற்கு நான் பிறகு வருகிறேன்.

இரண்டாவது, அந்த மென்மையான குரல் பிறவியிலேயே அப்படி என்று நினைப்பது. இந்தத் தவறைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால் அவருடைய உழைப்பு முழுவதையும் இது மறைத்துவிடுகிறது.

ரீவ்ஸ் டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே, கார்த்தேஜ் ஊருக்குப் பக்கத்தில் 1923-இல் பிறந்தவர். பேஸ்பால் பந்துவீச்சாளராக வர ஆசைப்பட்டார். காயம் பட்டு அந்த வழி அடைபட்டது. அப்புறம் வானொலி அறிவிப்பாளர் ஆனார். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் கே.டபிள்யூ.கே.ஹெச். நிலையத்தில் வேலை. 'லூசியானா ஹேரைடு' என்ற நேரடி இசை நிகழ்ச்சி அந்த நிலையத்திலிருந்துதான் ஒலிபரப்பானது. ஒருநாள் பாட வேண்டியவர் வராததால் இவர் மேடை ஏறினார் என்று ஒரு கதை உண்டு. வராத பாடகரின் பெயர் ஆளுக்கு ஆள் மாறுவதால் நான் அந்தக் கதையை அழுத்திச் சொல்வதில்லை.

அபட் என்ற சிறிய நிறுவனத்துக்காக அவர் பாடிய 'மெக்சிகன் ஜோ' 1953-இல் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்து 'பிம்போ' 1954-இல் முதலிடம். இந்த இரண்டையும் முதன்முதலாகக் கேட்கிறவர்கள் இது வேறு யாரோ என்பார்கள். குரல் மேலே நிற்கும், தாளம் துள்ளும், பாட்டில் விளையாட்டுத்தனம் இருக்கும். அன்றைய கன்ட்ரி மேடையில் குரலை உயர்த்திப் பாடினால்தான் பாடகர் என்று மதிப்பு.

1955-இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை இறக்கினார். உதடு மைக்கைத் தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி நின்று, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் பாடிப் பார்த்தார். நிறுவனத்துக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் துணை நின்றார். 1957 பிப்ரவரியில் பதிவான 'ஃபோர் வால்ஸ்' அப்படிப் பிறந்தது. அது ஒரு பெண் பாடுவதற்கென்று எழுதப்பட்ட பாட்டு. இரவில் வெளியே சுற்றும் துணைக்காக நான்கு சுவர்களுக்குள் காத்திருக்கும் ஒருத்தியின் புலம்பல். அதை ஒரு ஆண் தாழ்ந்த குரலில் பாடினால் எடுபடுமா என்று சந்தேகப்பட்டார்கள். எடுபட்டது. கன்ட்ரியில் முதலிடம், பாப் தரவரிசையில் 11-ஆம் இடம். 'மெக்சிகன் ஜோ'வை ஒருமுறை, உடனே 'ஃபோர் வால்ஸ்' ஒருமுறை, அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நடுவில் இருப்பது நான்கே வருடம்.

இதோடு ஒட்டிய சின்னத் தவறு ஒன்று. 'ஃபோர் வால்ஸ்' கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத்தின் புகழ்பெற்ற ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ பி-யில் பதிவானது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கட்டடம் 1957 கடைசியில்தான் திறந்தது. பிப்ரவரியில் அது இல்லை.

இப்போது 'ஹீல் ஹேவ் டு கோ'. ஜோ அலிசன், ஆட்ரி அலிசன் என்ற தம்பதி எழுதியது. பில்லி பிரவுன் என்பவர் ஏற்கெனவே பாடியிருந்தார், பெரிதாகப் போகவில்லை. ரீவ்ஸ் 1959 அக்டோபரில் பதிந்தார். இதை நிறுவனம் திட்டமிட்டு இறக்கிய ஹிட் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் இசைத்தட்டின் முன்பக்கத்தில் போட்டது 'இன் எ மேன்ஷன் ஸ்டாண்ட்ஸ் மை லவ்' என்ற வேறு பாட்டு. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், பின்பக்கம் பற்றிக்கொண்டது. 1960-இல் கன்ட்ரியில் 14 வாரம் முதலிடம். பாப் தரவரிசையில் இரண்டாமிடம். பெர்சி ஃபெய்த்தின் 'எ சம்மர் பிளேஸ்' வாத்திய இசை அங்கே முதலிடத்தை விட்டு நகரவில்லை. ஜீன் பிளாக் பாடிய 'ஹீல் ஹேவ் டு ஸ்டே' அதே வருடம் அந்தப் பெண்ணின் பதிலாக வந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

இந்தப் பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டால் ஒன்று தெரியும். ஃபிடில் இல்லை. ஸ்டீல் கிட்டாரின் அழுகை இல்லை. ஃப்ளாய்ட் கிரேமரின் பியானோ, மார்வின் ஹியூஸின் வைப்ரஃபோன், பின்னால் அனிதா கெர் குழுவின் மெல்லிய கோரஸ். நடுவில் நிறைய வெற்றிடம். தலைப்பு வரி வரும் இடத்தில் குரல் படி இறங்கி அடிக்குப் போகிறது, அந்த நேரத்தில் வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. நாஷ்வில் சவுண்ட் என்று சொல்வார்களே, அதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டு போதும். கன்ட்ரி இசையை நீர்த்துப்போக வைத்த பாணி என்று அதைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாத்தியத்தைக் குறைத்து, முழுப் பாரத்தையும் ஒரு குரலின் மேல் வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

அடுத்தது, ரிக்கார்டு வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். பாட்டு வெளியான வருடத்தையே அவர் பாடிய வருடமாக எடுத்துக்கொள்வது.

ரீவ்ஸ் 1964 ஜூலை 31-ஆம் தேதி இறந்தார். ஆர்கன்சாவிலிருந்து நாஷ்வில் திரும்பும் வழியில், இடிமழைக்குள் அவருடைய சிறிய விமானம் விழுந்தது. அவரேதான் ஓட்டினார். கூட இருந்தவர் அவருடைய பியானோ கலைஞர் டீன் மேனுவல். தேடித் தேடி ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் கண்டுபிடித்தார்கள். (பாடகி பாட்சி கிளைன் இறந்த விமான விபத்து வேறு. அது 1963 மார்ச் மாதம். இரண்டையும் ஒரே விபத்தாகச் சொல்வது அடிக்கடி காதில் விழுகிறது.) அமெரிக்கக் கன்ட்ரி தரவரிசையில் அவருக்கு மொத்தம் 11 முதலிடங்கள். அவர் உயிரோடு இருந்தபோது வந்தவை ஐந்துதான். மீதி ஆறும் அவர் இறந்த பிறகு வந்தவை. 'ஐ கெஸ் ஐம் கிரேஸி' அவர் இறந்த சமயத்தில் ஏறிக்கொண்டிருந்தது, ஆகஸ்ட் கடைசியில் உச்சிக்குப் போனது. 1967 வரை முதலிடங்கள் வந்துகொண்டே இருந்தன, சிறிய ஹிட்டுகள் 1980-கள் வரை. இவ்வளவுக்கும் காரணம் இருவகைப் பதிவுகள். வெளிவராத ஸ்டுடியோ பதிவுகள் நிறைய இருந்தன. மாதிரிக்காகப் பாடி வைத்த டேப்புகளும் இருந்தன. மனைவி மேரி ரீவ்ஸ் அவற்றைப் பாதுகாத்தார், நிறுவனம் ஒவ்வொன்றாக வெளியே விட்டது.

'டிஸ்டன்ட் டிரம்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். சிண்டி வாக்கர் எழுதியது. போர் அழைக்கும் முன்னால் என்னைத் திருமணம் செய்துகொள் என்று மேரி என்ற பெண்ணிடம் ஒருவன் கேட்கும் பாட்டு. ரீவ்ஸ் அதை வெளியீட்டுக்காகப் பாடவில்லை, மாதிரிப் பதிவாகத்தான் பாடி வைத்தார். அவர் இறந்த பிறகு அந்தக் குரலுக்கு மேல் வாத்தியங்களைச் சேர்த்து 1966-இல் வெளியிட்டார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவில் கன்ட்ரி முதலிடம். பிரிட்டனில், பீட்டில்ஸ் காலத்தின் நடுவே, ஐந்து வாரம் முதலிடம். நீங்கள் கேட்கும் வயலின்களை ரீவ்ஸ் கேட்டதே இல்லை. அந்த வயலின்களைக் கேட்டுவிட்டு, கடைசிக் காலத்தில் அவர் ஆர்கெஸ்ட்ரா பக்கம் சாய்ந்துவிட்டார் என்று ஒருவர் எழுதினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே தொகுப்பு வாங்கும்போது பாட்டு எப்போது பதிவானது என்ற குறிப்பு உறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் ஆரம்பத்தில் ஒரு கடையில் 'சிறந்த பாடல்கள்' என்று வாங்கிய சிடியில் பாதிப் பாட்டுக்குப் பின்னால் அவர் காலத்தில் இல்லவே இல்லாத ஒலிகள் இருந்தன. உறையில் ஒரு தேதியும் இல்லை. எல்.பி. வாங்குவதானால் இன்னொரு விஷயம்: 1960-களில் மோனோ பதிவுகளை மின்னணு முறையில் ஸ்டீரியோ போல மாற்றி விற்றார்கள். உறையில் அப்படிப் போட்டிருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அதன் மோனோ பிரதியைத் தேடுங்கள். வசதி உள்ளவர்களுக்கு ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் வெளியிட்ட 16 சிடி தொகுப்பு இருக்கிறது. பதிவு விவரங்களோடு வந்த ஒழுங்கான வேலை.

தலைப்பு ஒன்றுதானே என்று விட்டுவிடுவதும் தவறுதான். 'ஆம் ஐ லூசிங் யூ' அவரே எழுதியது. அதை முதலில் 1956-இல் பாடினார், 1960-இல் மறுபடி பாடினார், இரண்டும் ஹிட். முதலாவது பழைய ஜிம், இரண்டாவது 'ஹீல் ஹேவ் டு கோ'வுக்குப் பிந்தைய ஜிம். எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியாமல் அவருடைய பாணியைப் பற்றிப் பேச முடியாது.

பாட்சி கிளைனோடு அவர் பாடிய ஜோடிப் பாட்டு? அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 'ஹேவ் யூ எவர் பீன் லோன்லி' பாட்டை இருவரும் தனித்தனியாகப் பாடி வைத்திருந்தார்கள். 1981-இல் இரண்டு குரல்களையும் பிரித்தெடுத்து, புதிய வாத்தியத்தோடு இணைத்து வெளியிட்டார்கள். இருவரும் இறந்து பதினேழு, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. பாடகி டெபரா ஆலனோடு வந்த ஜோடிப் பாட்டுகளும் அதேபோல 1979-ஐ ஒட்டிச் சேர்த்தவைதான். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இருவரும் ஒரே மைக்குக்கு முன்னால் நின்றார்கள் என்று யாராவது உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னால் மெதுவாகத் திருத்தத்தான் வேண்டும்.

அமெரிக்கத் தரவரிசையை மட்டும் வைத்து அவரை அளப்பதும் சரியில்லை. 1960-க்கும் இறப்புக்கும் நடுவில் அமெரிக்காவில் அவருக்கு ஒரு முதலிடம்கூடக் கிடையாது. 'அடியோஸ் அமிகோ' இரண்டாமிடம், 'வெல்கம் டு மை வேர்ல்ட்' இரண்டாமிடம். அதைப் பார்த்து இறங்குமுகம் என்று முடிவுகட்டினால் தப்பாகிவிடும். அதே காலத்தில்தான் கடலுக்கு அப்பால் அவர் வளர்ந்தார். லியான் பெய்ன் எழுதிய 'ஐ லவ் யூ பிகாஸ்' 1964-இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 39 வாரம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் 'கிம்பர்லி ஜிம்' படத்தில் நடித்தார், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் முழு ஆல்பமே பாடினார். நார்வேயில் அவருக்கென்று தனிக் கூட்டம். இந்தியாவிலும் இலங்கையிலும் அவர் இன்னும் வீட்டு மனிதர்போலத்தான். ஆங்கிலம் அரைகுறையாகப் புரிந்தவர்களுக்கும் அவர் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுந்தது. வானொலி அறிவிப்பாளர் வேலை கொடுத்த உச்சரிப்பு அது. எங்கள் அப்பா கூடப் பாட முடிந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாப் பாட்டும் அவருடையது என்று எண்ணுவதும் பரவலாக இருக்கிறது. 'மேரீஸ் பாய் சைல்ட்' ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதி ஹாரி பெலஃபோன்டே பிரபலமாக்கியது. 'வெல்கம் டு மை வேர்ல்ட்' ரே விங்க்ளரும் ஜான் ஹாத்காக்கும் எழுதியது. அதை எல்விஸ் பாட்டு என்று நினைப்பவர்களும் உண்டு. எல்விஸ் 1973 ஹவாய் நிகழ்ச்சியில் பாடியதால் வந்த குழப்பம்.

கடைசியாக, அவர் பாடிய கடைசிப் பாட்டு எது என்ற கேள்வி. 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' என்று பலர் சொல்வார்கள். அது இல்லை. ஆர்.சி.ஏ.வில் அவருடைய கடைசி அமர்வு 1964 ஜூலையில் நடந்தது. 'மேக் தி வேர்ல்ட் கோ அவே', 'மிஸ்ஸிங் யூ', 'இஸ் இட் ரியலி ஓவர்' மூன்றும் முடிந்தும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. இன்னொன்று பாடிவிடலாமே என்று அவரே சொல்லி 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' பாடினார். அதற்கும் பிறகு, இறப்பதற்குச் சில நாள் முன்னால், வீட்டில் இருந்த சின்ன ஸ்டுடியோவில் 'ஐம் எ ஹிட் அகெய்ன்' என்ற பாட்டைப் பதிந்து வைத்தார். அது 2003-இல்தான் வெளியே வந்தது. பியானோ கிடையாது, கோரஸ் கிடையாது. ஒரு கிட்டாரும் அந்தக் குரலும் மட்டும்.