பழைய லைட் கன் வாங்கினால் கூடவே பிக்சர் டியூப் டிவியும் தேடுங்கள்

நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கன்சோலான என்இஎஸ்ஸின் ஜாப்பர் என்ற லைட் கன் (திரையைப் பார்த்துச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) கிடைத்துவிட்டது, வாத்து சுடும் டக் ஹன்ட் கேம் கேசட்டும் இருக்கிறது, ஆனால் ஹாலில் உள்ள எல்இடி டிவியில் மாட்டிச் சுட்டால் ஒரு வாத்துகூட விழவில்லை. உடனே துப்பாக்கி கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நானும் அப்படி நினைத்து இரண்டு நாள் ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். சிக்கல் டிவியில்தான்.

ஜாப்பரிலிருந்து எதுவும் வெளியே போகாது, அது பார்க்க மட்டும்தான் செய்யும். விசையை இழுத்ததும் கேம் ஒரு ஃபிரேமுக்குத் திரையைக் கறுப்பாக்கி, அடுத்த ஃபிரேமில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் சென்சாருக்குத் தெரிந்தால் வாத்து காலி. இரண்டு வாத்து பறந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்த ஃபிரேமில் வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து விழும். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 60இல் ஒரு பங்கு. எல்இடி டிவி படத்தை வாங்கிச் சரிசெய்து காட்டுவதற்குள் கேம் பார்த்து முடித்துவிடும். அதோடு ஜாப்பரின் சர்க்யூட், நொடிக்குச் சுமார் 15,000 கோடுகள் என்று பிக்சர் டியூப் டிவி படம் வரையும் அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறது. பல்பைப் பார்த்துச் சுட்டு ஏமாற்ற முடியாததும் இதனால்தான். 1980களில் இவ்வளவு எளிமையாக யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

ஆகவே முதல் வேலை, பழைய பிக்சர் டியூப் டிவி. கடைசிக் காலத்தில் வந்த 100 ஹெர்ட்ஸ் மாடல்கள் வேண்டாம், அவையும் படத்தை உள்ளே மாற்றித்தான் காட்டும். அமெரிக்க கன்சோல் என்றால் டிவி என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி சிக்னல் முறை) படத்தை ஏற்குமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் புகைந்துவிடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

சரி, இணைப்பு. மஞ்சள் ஒயர் வீடியோவுக்கு, சிவப்பு ஆடியோவுக்கு. ஜாப்பர் இரண்டாம் போர்ட்டில், கன்ட்ரோலர் முதல் போர்ட்டில். டிவியின் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் கூட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காதபடி திருப்பி வையுங்கள். இன்னும் விழவில்லையா? ஓர் அடி தூரத்தில் வைத்துச் சுடுங்கள். கிட்டத்தில் விழுந்து தள்ளிப் போனால் விழவில்லை என்றால் முனையில் உள்ள லென்ஸில் தூசி இருக்கலாம், காது குடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துப்பாக்கியைத் திறந்து பார்க்கலாம், டிவியை மட்டும் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஜாப்பரில் 1985இல் வந்தது சாம்பல் நிறம், ஆரஞ்சு பிறகு வந்தது. வேலை ஒன்றுதான், நிறத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள். பிளேஸ்டேஷனின் லைட் கன்னான கன்கான் வாங்குபவர்கள் ஒயரில் மஞ்சள் வீடியோ பிளக் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், துப்பாக்கி எங்கே குறிவைக்கிறது என்பதைக் கணக்கிட அதற்கு அந்த சிக்னல் வேண்டும்.

எல்லாம் ஓடியதும் டக் ஹன்ட்டில் கேம் ஏ (ஒரு நேரத்தில் ஒரு வாத்து பறக்கும் ஆட்டம்) போட்டு, முதல் போர்ட் கன்ட்ரோலரை நண்பரிடம் கொடுங்கள். வாத்தை அவர் ஓட்டலாம்.