குட்டியானைக்கும் பிக்கப்புக்கும் எந்த எண்ணெய்? சாதாவா, பிரீமியமா?

பங்கில் வண்டியை நிறுத்தியதும் "சாதாவா, பவரா?" என்று கேட்பார்கள். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான். அந்த அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டால், லோடு வண்டிக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு தடவை முடிவு செய்துவிடுவது நல்லது.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பிறகு மேனுவலை எடுங்கள். குமரி மாவட்டத்தில் மீனும் வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றுகிற பிக்கப்புகளில் பெரும்பாலானவை டீசல்: பொலேரோ பிக்கப், தோஸ்த், யோதா. சூப்பர் கேரியும், குட்டியானை என்கிற ஏஸில் ஒரு ரகமும் பெட்ரோல். 'பிரீமியம்' என்ற சொல்லுக்கு இந்த இரண்டு எண்ணெயிலும் பொருள் வேறு வேறு. அதைக் குழப்பிக்கொள்வதால்தான் "டீசலில் ஆக்டேன் எவ்வளவு அண்ணே?" என்ற கேள்வியே வருகிறது. டீசல் வண்டிக்காரர் ஆக்டேனை மறந்துவிடலாம்.

பெட்ரோல் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். பிஸ்டன் அழுத்துகிற சூட்டில் பெட்ரோல் தானாக வெடித்துவிடாமல், பிளக்கின் பொறியிலிருந்து வருகிற தீக்காகக் காத்திருக்கும் திறன்தான் ஆக்டேன். அது சக்தியின் அளவு அல்ல. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலே 95-ஐத் தொடுகிறது. ஆகவே பெயரில் 95 போட்ட பிரீமியத்தை இ20-க்குப் பதிலாக அடித்தால் ஆக்டேனில் பெரிதாக ஒன்றும் கூடப்போவதில்லை. கூடுதல் காசு, அதில் சேர்த்திருக்கிற சுத்தம் செய்யும் மருந்துக்குத்தான். 97, 99, 100 எல்லாம் அதைக் கேட்டு வடிவமைத்த இன்ஜினுக்கு. மேனுவலில் '91 அல்லது அதற்கு மேல்' என்று இருந்தால் சாதாவே போதும்.

ஓர் இடத்தில் மட்டும் உயர் ஆக்டேன் பெட்ரோல் பயன்படும்: நோயைக் கண்டுபிடிக்க. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏற்றத்தில் லோடோடு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது, தகரடப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கினமாதிரி சத்தம் வருகிறதா? முதலில் ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். அப்படியும் வந்தால் கூலன்ட் அளவையும், பிளக் அந்த வண்டிக்கு உரியதுதானா என்பதையும் பாருங்கள். அதுவும் சரி என்றால் டேங்க் காலியாகும் தறுவாயில் ஒரு தடவை உயர் ஆக்டேன் நிரப்பி அதே ஏற்றத்தில் ஏறுங்கள். சத்தம் அடங்கினால் அது நாக்கிங், அதாவது பெட்ரோல் பொறிக்குக் காத்திராமல் தானாக வெடிப்பது. உள்ளே கரி படிந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அடங்காவிட்டால் டேப்பெட் பக்கமோ பேரிங் பக்கமோ தேடட்டும். மாதாமாதம் விலை கூடிய பெட்ரோலை ஊற்றி அந்தச் சத்தத்தை மூடிவைப்பது வைத்தியம் இல்லை.

இனி டீசல். இங்கே எண் சீட்டேன். இன்ஜெக்டர் பீச்சியதும் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்பதன் அளவு அது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வருகிற பிஎஸ்6 டீசலில் சீட்டேன் குறைந்தது 51, கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு). எக்ஸ்ட்ராகிரீன், டர்போஜெட் என்று விற்கப்படுபவை இதே டீசலில் சீட்டேன் கூட்டும் மருந்து, இன்ஜெக்டர் முனையில் கசடு படியாமல் பார்க்கும் மருந்து, துருத்தடுப்பு, நுரை அடக்கி போன்றவற்றைச் சேர்த்தவை. குளிரில் ஸ்டார்ட் ஆவது எளிதாகும் என்பது சீட்டேன் கூடினால் கிடைக்கிற பலன்களில் ஒன்று. மார்கழி விடியலிலும் போர்வை தேவைப்படாத நம் ஊருக்கு அதனால் என்ன லாபம்? மிஞ்சுவது இன்ஜெக்டர் சுத்தம். பெரும்பாலும் நின்று நின்று ஓடுகிற, கொஞ்சம் வயதான காமன்ரெயில் வண்டிக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற வகை) அதில் பலன் உண்டு, ஆனால் மெதுவாகத்தான் தெரியும். ஏற்கனவே ஒழுகுகிற இன்ஜெக்டரை எந்த டீசலும் ஒட்டவைக்காது.

காசுக்குக் கட்டுமா என்பதற்கு ஒரு கணக்கு. விலை மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் பில்லில் உள்ளதை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சாதா 93, பிரீமியம் 97 என்று வைப்போம். வித்தியாசம் 4 ரூபாய், அதாவது 4.3 சதவீதம். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிற வண்டி பிரீமியத்தில் 13.56 தந்தால்தான் முதலுக்கு முதல். தினம் 12 லிட்டர், மாதம் 26 நாள் ஓட்டம் என்றால் கூடுதல் செலவு 1,248 ரூபாய். மைலேஜ் அந்த அளவு ஏறாவிட்டால் அந்தப் பணத்தை ஃபில்டருக்கும் நல்ல ஆயிலுக்கும் ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஏறுகிறதா என்று சோதிக்க ஒரு டேங்க் போதாது. 40 லிட்டரில் ஒரு லிட்டர் கூடக்குறைய நிரம்பினாலே 2.5 சதவீதம் பிழை. ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானாக 'டக்' என்று நிற்கிற முதல் தடவையோடு நிறுத்துங்கள், ரவுண்டுத் தொகைக்காக மேலே ஊற்ற விடாதீர்கள். சாதாவில் மூன்று டேங்க், பிரீமியத்தில் மூன்று டேங்க். பிரீமியத்தின் முதல் டேங்கில் பழைய டீசல் கலந்திருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் நான்காவதாக ஒன்று ஓட்டுங்கள். டயர் காற்று ஒரே அளவு, லோடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை என்றால் எப்போதும் அதே வழி, முடிந்தவரை அதே நேரம், ஏனென்றால் மார்த்தாண்டம் நெரிசலில் அரைமணி நேரம் நின்றால் கணக்கு கெட்டுவிடும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி வழியாக ஓடிய டேங்கையும் தள்ளிவிடுங்கள். திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது கணவாயில் அடிக்கிற எதிர்க்காற்று, தார்ப்பாய் போட்ட வண்டியின் மைலேஜை நன்றாகவே தின்னும்.

நம் மாவட்டத்தில் டீசல் வண்டியைப் படுக்கவைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கடற்கரை ஈரக்காற்று, இரண்டு பருவமழை, பாதி டேங்கோடு இரவு முழுக்க நிற்கிற வண்டி. டேங்கின் காலி இடத்தில் உள்ள ஈரம் குளிர்ந்து துளித்துளியாக அடியில் சேரும். காமன்ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்குப் பக்கம் போகும். அங்கே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் எண்ணெய்ப் பசை கொடுப்பதே டீசல்தான். அந்த இடத்தில் தண்ணீர் போனால் உரசித் தேய்ந்து, துருப்பிடித்து, பில் ஐந்து இலக்கத்துக்குப் போகும். பிரீமியம் இதைத் தடுக்காது. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் மாலையிலேயே டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் இரண்டு முறை, ஃபில்டரிலிருந்து தண்ணீர் எடுங்கள்.

வண்டி ஓடாமல் இரவு நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் எடுப்பதுதான் சரி. அப்போதுதான் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். ஃபில்டரின் அடியிலுள்ள டிரெயின் திருகுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடியுங்கள். திருகை அரைச்சுற்று தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்றினால் வாஷர் விழுந்து தொலையும். சென்சார் ஒயர் அங்கே இருந்தால் முதலில் அதைப் பிடுங்கிவையுங்கள். 100 மில்லி அளவு வரட்டும். பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாகக் கண்ணாடி முத்துபோல் நிற்கும், மேலே டீசல். முத்து வருவது நிற்கும் வரை மீண்டும் மீண்டும் எடுங்கள். கறுப்பாக, கொழகொழவென்று வந்தால் டேங்கிலேயே பூஞ்சை பிடித்திருக்கிறது, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். திருகைக் கையிறுக்கத்துக்கு மேல் கொஞ்சம் இறுக்கி, ஹேண்ட் பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

அதேபோல ஒரு சபலம்: கடற்கரையில் 'போட் டீசல் இருக்கு, குறைச்சுத் தர்றேன்' என்பார்கள். மீன்பிடிப் படகுக்கு வரி விலக்கோடு கொடுக்கிற டீசலை லாரியிலோ பிக்கப்பிலோ ஊற்றுவது குற்றம். அதோடு கேனில் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் வழவழப்பு குறைந்து ஹைபிரஷர் பம்ப் தேயும்.

பங்கில் சந்தேகம் வந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றச் சொல்லுங்கள், 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. அடர்த்தியை அளந்து, 15 டிகிரிக்கு மாற்றி, அன்று காலை பதிவேட்டில் எழுதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் 3 எண்ணுக்கு (கன மீட்டருக்கு 3 கிலோ) மேல் போனால் அந்த எண்ணெயை வாங்காதீர்கள். பெட்ரோல் என்றால் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கறையில்லாமல் ஆவியாக வேண்டும். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது போடாமல் கொஞ்சம் தள்ளிப் போகலாம், நிலத்தடித் தொட்டியின் அடிக்கசடு அப்போது கலங்கியிருக்கும்.

டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கிற ஃபில்டர்) உள்ள பிஎஸ்6 வண்டிக்காரர் ஒன்று மனதில் வையுங்கள். துறைமுகத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்து டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால், பிரீமியம் டீசல் ஊற்றி அணைக்கப் பார்க்காதீர்கள். நாகர்கோவில் பக்கம் ரோடு காலியாக இருக்கும் நேரத்தில் 50, 60 வேகத்தில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள், உள்ளே சேர்ந்த கரி எரிந்து போகும்.

கேரளத்துக்கு லோடு போகிறவர்களுக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. அங்கே வரி கூடுதல் என்பதால் டீசல் விலையும் கூடுதல். களியக்காவிளை தாண்டும் முன்பே சாதா டீசலில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு அதில் மிச்சமாவதை ஒருமுறை பில்லை வைத்துப் பாருங்கள், பிரீமியம் கேட்கிற கூடுதல் காசுக்குப் பக்கத்தில் வரும்.