கசாண்ட்ரா நோடு விழுந்ததா? ஹீப்பைக் கூட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கசாண்ட்ரா டேட்டாபேஸ் ஓடும் சர்வர்களில் ஒன்று (நோடு) மெமரி போதாமல் விழுந்ததும் பலர் செய்வது, உடனே ஹீப்பை, அதாவது அதை இயக்கும் ஜாவாவுக்கு ஒதுக்கிய மெமரியை, 8 ஜிபியிலிருந்து 16 ஆக்குவதுதான். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். விழுந்தது ஜாவாவால்தானா, இல்லை லினக்ஸ் கெர்னலே அதைக் கொன்றதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கசாண்ட்ராவின் சிஸ்டம் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி எரர்' இருந்தால், பெரும்பாலும் ஹீப் பிரச்சினை. அந்த லாக் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பாதியில் அறுந்து நின்றால் கெர்னல் லாகைத் தேடுங்கள், கன்டெய்னர் என்றால் எக்சிட் கோடு 137 (வெளியிலிருந்து கொல்லப்பட்டதன் அடையாளம்) என்று காட்டும். இந்த இரண்டாவது வகையில் ஹீப்பைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் தேடலை வேகப்படுத்தும் புளூம் ஃபில்டர், சுருக்கிய டேட்டா பற்றிய குறிப்புகளான கம்ப்ரஷன் மெட்டாடேட்டா எல்லாம் ஹீப்புக்கு வெளியேதான் இடம் பிடிக்கின்றன, அந்த இடத்தையும் நாமே பறித்துவிடுகிறோம். எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது கசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியான நோட்டூலின் இன்ஃபோ கட்டளையில் தெரியும்.

சரி, ஹீப்தான் காரணம் என்றால்? ரெப்ளிகேஷன் 3 உள்ள, அதாவது ஒவ்வொரு டேட்டாவையும் மூன்று நோடுகளில் வைக்கும் கிளஸ்டரில் குறிப்பிட்ட மூன்று நோடுகள் மட்டும் மாறி மாறி விழுகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியென்றால் என் முதல் சந்தேகம் ஒரே ஒரு பெருத்த பார்ட்டிஷன் (ஒரே கீயின் கீழ் சேரும் டேட்டா) மேல்தான். நோட்டூல் டேபிள்ஸ்டாட்ஸில் அதிகபட்ச பார்ட்டிஷன் அளவு 100 எம்பியைத் தாண்டியிருந்தால் அந்த டேபிளின் வடிவமைப்பைத்தான் திருத்த வேண்டும். லாகில் டூம்ப்ஸ்டோன் (அழித்த டேட்டாவுக்கு விடும் அடையாளம்) எச்சரிக்கைகளையும் பாருங்கள்.

அப்புறம், விழும்போது ஹீப்பில் இருந்ததை ஃபைலாகச் சேமிக்கும் ஹீப் டம்ப் வசதியை இப்போதே இயக்கி வையுங்கள், டேட்டா இல்லாத தனி டிஸ்கில், ஹீப் அளவுக்கு இடம் விட்டு.