ஸ்கூட்டர் கிளட்சை வீட்டில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தம்பி, தன்னுடைய 110 சிசி ஸ்கூட்டரின் கிளட்சைத் தானே மாற்றப் போவதாகச் சொல்லி, சென்ற ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தின் கீழ் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மதிலோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் திருகோணமலை உப்புவெளியில் நான் செய்த பிழைகளை, ஏறத்தாழ அதே வரிசையில், அவரும் செய்துகொண்டு போனார். ஆணிகளைக் கலந்து வைக்கக் கூடாது, கிரீஸ் பட்ட கையால் பெல்ட்டைத் தொடக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. அறிந்தவர்களும் தவறுகின்ற இடங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடப்பக்க மூடியைக் கழற்றினால், முன்னால் எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்கின் முனையில் வேரியேட்டரும், பின்னால் சக்கரப் பக்கத்தில் கிளட்சும், இரண்டையும் இணைக்கும் பெல்ட்டும் தெரியும். வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்கள் வேகம் கூடும்போது வெளியே ஓடி முன் தட்டுகளை நெருக்குவதால் பெல்ட் முன்பக்கத்தில் மேலேறும், பின்பக்கத்தில் உள்ளிறங்கும். பின்னால் கிளட்சில் உள்ள ஷூக்கள் எனும் உராய்வுக் கட்டைகள் சுழற்சியின் வேகத்தில் விரிந்து, அவற்றை மூடியிருக்கும் கிண்ணம் போன்ற ட்ரம்மைப் பிடிக்கும்போதுதான் வண்டி நகர்கிறது. இந்த ஒழுங்கு மனதில் இல்லாமல் ஸ்பானரை எடுப்பதிலிருந்தே மற்றப் பிழைகள் எல்லாம் தொடங்குகின்றன.

பழுது கிளட்சில்தானா என்று பார்க்காமல் கழற்றுதல்

திருகோணமலையில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை பிடித்தால் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் ஓட்டிய ஸ்கூட்டரின் பெல்ட் அறைக்குள் நீர் புகுந்தால், பெல்ட் வழுக்கி, எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டு வண்டி இழுக்காமல் நிற்கும். பலர் இதைக் கிளட்ச் எரிந்துவிட்டது என்று எண்ணிப் புதிய ஷூ வாங்குகிறார்கள். மூடியைத் திறந்து துடைத்துக் காயவிட்டாலே அது சரியாகிவிடும். நிலாவெளிப் பக்கம் கடற்கரை மணலில் ஓட்டுபவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: பெல்ட் அறைக்குக் காற்று போகும் வழியில் மணல் அடைத்தால் உள்ளே சூடு ஏறி, நல்ல பெல்ட்டும் விரைவில் தேய்ந்துவிடும். அதைத் துப்புரவு செய்யாமல் எதை மாற்றினாலும் பணம் வீண்.

ஷூவை மாற்றிவிட்டு ட்ரம்மை அப்படியே விடுதல்

கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில், மான்களுக்கு வழிவிட்டு நிறுத்தி மறுபடி புறப்படும்போது வண்டி நடுங்கினால், ட்ரம்மின் உட்புறத்தைப் பாருங்கள். நீலம் பாய்ந்த வட்டங்களோ, கண்ணாடிபோல் மினுங்கும் பரப்போ, விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளங்களோ இருந்தால் அதில் புதிய ஷூ ஒழுங்காகப் பிடிக்காது. மினுக்கம் மட்டும் என்றால் சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுக்கலாம். நீலமும் பள்ளமும் இருந்தால் ட்ரம்மையும் மாற்றத்தான் வேண்டும். தேய்க்கும்போது எழும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பெல்ட்டின் மேல் நட்டை இறுக்குதல்

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இதுதான். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, அந்தத் தம்பி ஸ்பானரை எடுத்து இதையே செய்யப் போனபோது, மதிலுக்கு இப்பால் நின்ற நான் என்னை அறியாமல் "நில்லும் தம்பி!" என்று கத்திவிட்டேன்.

கிராங்கின் முனையில் முதலில் வேரியேட்டரும் அதன் நடுவே ஓர் இரும்புக் குழாயும் இருக்கும். அதன்மேல் வெளியிலிருந்து விசிறி இதழ்கள் கொண்ட தட்டு வந்து பொருந்த வேண்டும். அந்தத் தட்டின் துளையில் பற்கள் உண்டு. அவை கிராங்கின் பற்களுக்குள் முழுவதுமாக இறங்கி, தட்டு குழாயின் விளிம்பில் இரும்போடு இரும்பாக முட்டிய பின்னரே நட்டை இறுக்க வேண்டும். ஆனால் பின்பக்கத்து ஸ்பிரிங் பின் தட்டுகளை நெருக்கிப் பெல்ட்டை வெளி விளிம்புக்குத் தள்ளி வைத்திருப்பதால், முன்பக்கத்தில் பெல்ட்டுக்குத் தளர்வு இருக்காது. தளர்வில்லாத பெல்ட், தட்டுகளுக்கிடையே இடைவெளி மிகக் குறைந்த அடிப்பகுதியில் கிடக்கும். அந்த நிலையில் விசிறித் தட்டை வைத்து நட்டை முறுக்கினால், தட்டு குழாயில் முட்டுவதற்கு முன்னரே பெல்ட்டை நசித்துக்கொண்டு நின்றுவிடும். நட் நன்றாக இறுகியதுபோலவே கைக்குத் தோன்றும். டோர்க் ரெஞ்ச் வைத்திருப்பவரும் ஏமாறுவார், ஏனென்றால் அது அழுத்தத்தை மட்டும் அறியுமே தவிர, அந்த அழுத்தம் இரும்பில் விழுகிறதா இறப்பரில் விழுகிறதா என்பதை அறியாது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெல்ட் தனக்குரிய இடத்துக்கு நகரும். அதுவரை நட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது பெல்ட்தான் என்பதால், அது நகர்ந்த கணமே நட் தளர்ந்துவிடும். பற்களில் அரைகுறையாக மாட்டியிருக்கும் தட்டு ஆடி ஆடித் தன் பற்களையும் கிராங்கின் பற்களையும் சேர்த்தே அரைத்துவிடும். எனக்கு அது கோயிலுக்குப் போய் இறங்கி வரும் வழியில் நடந்தது. தகரப் பேணிக்குள் சல்லிக் காசைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்டது. மூடி தளர்ந்திருக்கும் என்று எண்ணி, வீடு மட்டும் ஓட்டிவிடலாம் என்று நான் நிறுத்தாமல் வந்தேன். உள்துறைமுக வீதிக்கு வரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி ஓடவில்லை. மூடியைத் திறந்தபோது உள்ளே வெள்ளி நிறத் தூள் படிந்திருந்தது. கிராங்கின் முனையைத் தடவினால் பற்கள் இருந்த இடம் வழுவழுவென்றிருந்தது. கிராங்கை மாற்றுவதற்கு எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஷூ, பெல்ட், ரோலர் எல்லாவற்றுக்கும் கொடுத்த காசைப் போலப் பல மடங்கு அந்த ஒரு நட்டுக்காகக் கொடுத்தேன்.

தவிர்க்கும் வழி எளிது. முதலில் பின் தட்டுகளை இரு கைகளாலும் பிரித்துப் பிடித்து, பெல்ட்டை அவற்றுக்கிடையே அடிவரை அழுத்தி இறக்குங்கள். அது மீண்டும் ஏறிவிடாதபடி, பின் தட்டுக்கு அருகே பெல்ட்டின் மேல் கிடையையும் கீழ்க் கிடையையும் சேர்த்து ஒரு துண்டு நைலோன் கயிற்றால் கட்டிவிடுங்கள். நான் மீன்வலைக் கயிற்றைத்தான் பாவிக்கிறேன். இப்போது முன்பக்கத்தில் பெல்ட் தொய்ந்து கிடக்கும். அடுத்து வேரியேட்டரை உட்பக்கமாக நன்றாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு விசிறித் தட்டை மாட்டுங்கள். மாட்டியதும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: கிராங்கின் பற்கள் தட்டின் துளையைக் கடந்து வந்திருக்கின்றனவா? நட்டைக் கையால் மட்டும் முறுக்கிக் கடைசிவரை கொண்டு செல்ல முடிகிறதா? பெல்ட்டைப் பிடித்து ஆட்டினால் முன் தட்டுகளுக்கிடையே அது தடையின்றி அசைகிறதா? இவை மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வந்த பின்னரே ஸ்பானரைத் தொடுங்கள். உங்கள் வண்டிக்குரிய கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, இறுக்கிய பின்னும் பெல்ட் அசைகிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கயிற்றை வெட்டி எடுக்க மறவாதீர்கள்; எடுத்ததும் பின் தட்டைக் கையால் சுற்றினால் பெல்ட் தானாக மேலேறி இறுகும்.

தட்டு சுழலாமல் பிடிக்க விசிறி இதழில் ஸ்குரூ டிரைவரைச் செருகுதல்

வேண்டாம். இதழ் உடையும்.

பின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்காமல் பெரிய நட்டைக் கழற்றுதல்

முகத்தைக் குறிவைத்து வரும்.

எண்ணெய்க் கசிவைத் துடைத்துவிட்டு மூடுதல்

பழைய ஷூவில் எண்ணெய் ஊறியிருந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் ஈரம் கண்டால் கிராங்கின் ஒயில் சீல், பின்பக்கத்தில் கண்டால் கியர்ப்பெட்டி அச்சின் ஒயில் சீல் என்று பெரும்பாலும் கொள்ளலாம். சில வேளைகளில் பின் தட்டுக்குள் கிரீஸை அள்ளிப் பூசியவரே அதற்குக் காரணமாக இருப்பார், ஏனென்றால் மிகுதியான கிரீஸ் சூட்டில் உருகி ஷூக்களுக்கே வந்து சேரும். சீலின் விலை மிகக் குறைவு. அதை மாற்றாமல் புதிய ஷூவைப் பூட்டினால், ஒரு மாதத்தில் அதே சாக்கை விரித்துக்கொண்டு அதே வேப்பமரத்தின் கீழ் உட்கார வேண்டிவரும்.

பழைய பெல்ட்டை எறிதல்

அதை வெட்டி ஒரு முழம் எடுத்து, ஓர் இரும்புப் பட்டத்தில் இரு முனைகளையும் ஆணியிட்டால், அடுத்த முறை நட்டைக் கழற்றும்போது ட்ரம்மைச் சுழலாமல் பிடித்துக்கொள்ள நல்ல கருவி ஒன்று கிடைக்கும். தம்பி இப்போது என்னுடையதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை.