தலைவரின் பழைய கதையை நாமே தோண்டுவது எப்படி?

கட்சிகள் தோண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆளுங்கட்சிக்குப் பதவி போய்விடும் என்ற பயம், எதிர்க்கட்சிக்கு நாளை நம்ம ஆளும் மாட்டுவானே என்ற பயம்.

முதலில் ஒரு தாளில் அவர் வாழ்க்கையை வருடவாரியாக எழுதி, எங்கே ஓட்டை விழுகிறது என்று பாருங்கள். ஆஸ்திரிய அரசியல் தலைவர் குர்ட் வால்ட்ஹைம், இரண்டாம் உலகப்போரில் 1941-ல் ரஷ்யப் போர்முனையில் காயம்பட்டு வியன்னாவில் சட்டம் படிக்கத் திரும்பியதாகவே சொல்லி வந்தார். உண்மையில் 1942-லிருந்து தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில், ஹிட்லரின் ஜெர்மன் ராணுவத்தில் அதிகாரி.

அப்புறம், ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் தேடுங்கள். அவர் பேரில் 1948-லேயே போர்க்குற்ற ஆணையத்தில் கோப்பு இருந்தது, அது கிடந்த இடமோ அவரே 1972 முதல் 1981 வரை பொதுச்செயலாளராக இருந்த ஐ.நா.வின் ஆவணக் காப்பகம்! அரசாங்கங்கள் கேட்டால் பார்க்கலாம், யாரும் அக்கறையாகக் கேட்கவில்லை. 1986-ல் பத்திரிகையாளர்களும் உலக யூத காங்கிரஸும்தான் கிளறினார்கள்.

மறைத்ததையும் குற்றம் செய்ததையும் குழப்பாதீர்கள், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1988-ல் வரலாற்றாசிரியர்கள் குழு, ஜெர்மன் ராணுவத்தின் அட்டூழியங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன, ஆனால் நேரடியாகக் குற்றம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்றது.

சரி, தோண்டினால் தோற்றுவிடுவாரா? 1986 ஜூனில் ஆஸ்திரிய மக்கள் அவரையே அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள்.