மாஞ்சா இல்லாமல் பட்டம் விடலாம்: சென்னைக் கடற்கரையில் குழுவாகத் தொடங்குபவர்களுக்கு

சென்னையில் "பட்டம் விடப் போறேன்" என்று சொன்னாலே வீட்டில் இருப்பவர்கள் முகம் மாறிவிடும். மாறத்தான் செய்யும். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் அப்பா அம்மாவோடு பைக்கில் போன 3 வயதுக் குழந்தையின் கழுத்தைக் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் அறுத்து, அந்தக் குழந்தை இறந்தே போனது. அதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. நைலான் மாதிரியான செயற்கை நூல் மாஞ்சாவை 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னை போலீஸ் கமிஷனரும் மாஞ்சா நூலைச் செய்ய, விற்க, வைத்திருக்க, அதில் பட்டம் விடத் தடை என்று திரும்பத் திரும்ப உத்தரவு போட்டிருக்கிறார். இதில் எல்லாம் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, தடை சரிதான். ஆனால் அந்த நூலோடு சேர்த்துப் பட்டத்தையே ஊரிலிருந்து ஒழித்துவிட்டால் அது பெரிய இழப்பு. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்தபோது வானத்தில் நின்ற பட்டங்களைப் பார்க்க எவ்வளவு கூட்டம்! யாரும் யாருடைய பட்டத்தையும் அறுக்கவில்லை, கூட்டம் பாட்டுக்கு ரசித்தது.

நாலு பேர், ஆறு பேர் சேர்ந்து ஒரு குழுவாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாக விடுவதைவிடக் குழுவாக விடுவதுதான் பாதுகாப்பு. பட்டம் விடுபவன் கண் எப்போதும் மேலேதான் இருக்கும், கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்.

முதலில் நூல். பூச்சு எதுவும் இல்லாத சாதாரணப் பருத்தி நூல் மட்டும் போதும். "நைலான் இல்லை, பருத்தி நூலில் போட்ட மாஞ்சாதான்" என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். கண்ணாடித் தூள் எந்த நூலில் இருந்தாலும் கழுத்தை அறுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு முழம் நூலை ஒரு தாளின் விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் மெல்ல இழுத்துப் பாருங்கள். மாஞ்சா என்றால் தாள் அறுபடும், சாதா நூல் என்றால் கசங்குவதோடு சரி. கையால் தடவிப் பார்க்க வேண்டாம். மீன்பிடி நரம்பும் கூடாது. அது அறுபடாது, மக்காது, கண்ணுக்கும் தெரியாது. பட்டம் விடுவதற்கு இதைவிட மோசமான நூலை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது இடம். மொட்டை மாடி வேண்டாம். வடசென்னையில் தலைமுறை தலைமுறையாக மாடியில்தான் பட்டம் விட்டார்கள், தெரியும். ஆனால் மேலே பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பவனைக் கைப்பிடிச் சுவர் காப்பாற்றாது. அதோடு மாடியிலிருந்து விடும் நூல் கட்டாயம் ஒரு தெருவின் மேல்தான் போகும். மீனம்பாக்கம், பரங்கிமலை, தாம்பரம் விமானப்படைத் தளம் ஆகியவற்றின் பக்கம் நினைக்கவே கூடாது. 1934 விமானச் சட்டத்தில் விமானம் என்பதற்கு எழுதிய விளக்கத்திலேயே பட்டமும் இருந்தது, அவ்வளவு சீரியஸான விஷயம் அது. ரயில் பாதைப் பக்கமும் கூடாது. மின்சார ரயிலின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட்.

மிச்சம் இருப்பது கடற்கரை. கடற்கரை என்றால் பயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் அது கடலிலிருந்து ஊரைப் பார்த்து வீசும். அப்படியானால் உங்கள் பட்டம் போவது கடல் பக்கம் அல்ல, சாலைப் பக்கம். நூல் அறுந்தால் அது போய் விழப்போவதும் வண்டி ஓடும் சாலையில்தான். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒரே கணக்கு: உருளையில் சுற்றியிருக்கும் மொத்த நூலின் நீளம், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில் இருக்கும் முதல் சாலை, மின்கம்பி, கூட்டம் எதுவோ, அதுவரை உள்ள தூரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மெரினா மாதிரி மணல் அகலமான இடத்தில் அலை ஓரமாக நின்று 100 மீட்டர் நூல் விடலாம். மணல் குறுகலான கடற்கரையில் 30 மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். "கையில் நிறைய நூல் இருக்கட்டும், கொஞ்சமாக விடுவோம்" என்ற பேச்சே கூடாது. காற்று பிடித்துவிட்டால் விடாமல் இருக்க யாருக்கும் மனசு வராது, அதனால் நூலை வீட்டிலேயே அளந்து வெட்டிச் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். 100 மீட்டர் குறைச்சல் என்று தோன்றும். அத்தனையும் விட்டால் பட்டம் சுமார் 60 மீட்டர் உயரத்தில் நிற்கும். பிரிட்டனில் சட்டமே 60 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்றுதான் சொல்கிறது, அந்த உயரம் கண்ணுக்குத் தாராளம்.

ஜூன், ஜூலை காலைகளில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அடிக்கும்போது எல்லாம் தலைகீழ். பட்டம் கடல் மேல் போகும். சாலைக்கு ஆபத்து இல்லை, ஆனால் அறுந்தால் பட்டமும் நூலும் கடலுக்குத்தான். அதனால் அந்த நேரத்தில் நூலை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

காற்று எவ்வளவு இருக்கலாம் என்றால், மணிக்கு 10 முதல் 25 கிலோமீட்டர் வரை. போனிலேயே பார்த்துவிடலாம், இல்லை என்றால் மரத்தைப் பாருங்கள்: இலையும் சின்னக் கிளையும் விடாமல் ஆடினால் நல்ல காற்று, பெரிய கிளை ஆடி மணல் முகத்தில் அடித்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள். இடிச் சத்தம் தூரத்தில் கேட்டாலும் உடனே இறக்கிவிட வேண்டும்.

இப்போது பட்டம். காகிதப் பட்டத்தில் இரண்டே மூங்கில் குச்சிதான், நடுவில் நிமிர்ந்து நிற்பது ஒன்று, வில்லாக வளைந்தது ஒன்று. சூத்திரம், அதாவது பட்டத்தையும் விடும் நூலையும் இணைக்கும் கட்டு, அதைப் போடுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். இரண்டு குச்சியும் சேரும் இடத்தில் இரண்டு ஓட்டை, கீழே வால் பக்கம் நடுக்குச்சிக்கு இரு புறமும் இரண்டு ஓட்டை. மேல் ஓட்டைகளில் ஒரு நூல், கீழ் ஓட்டைகளில் ஒரு நூல் கட்டி, இரண்டையும் இழுத்துச் சேர்த்து முடிச்சுப் போடும்போது மேல் நூலைவிடக் கீழ் நூல் அரை இஞ்ச் நீளமாக இருக்கட்டும். முடிச்சைப் பிடித்துத் தொங்கவிட்டால் பட்டம் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. சாய்ந்தால் மேலே தூக்கிய இறக்கையில் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டினால் சமமாகிவிடும். காற்று பலமாக இருந்தால் மேல் நூலை இன்னும் கொஞ்சம் குறையுங்கள், பட்டம் முன்னால் சாய்ந்து காற்றை வழியவிடும். குழந்தைகளுக்கு என்றால் கட்டாயம் வால் ஒட்டுங்கள். பட்டத்தின் உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளத்தில் காகித வால் இருந்தால் குத்துக்கரணம் போடாமல் நிற்கும்.

ஏற்றுவதற்கு ஓட வேண்டியதே இல்லை. ஓடினால் விழுவதுதான் மிச்சம், அதுவும் பின்னால் பார்த்துக்கொண்டு ஓடினால் கேட்கவே வேண்டாம். முதுகில் காற்று படுகிற மாதிரி நில்லுங்கள். கூட இருப்பவர் பட்டத்தை எடுத்துக்கொண்டு உங்களுக்கு எதிரே ஒரு 20 மீட்டர் போகட்டும், மூக்கு மேலே பார்க்கப் பிடிக்கட்டும். நூல் விறைப்பானதும் அவர் வெறுமனே விட்டால் போதும், தூக்கி எறியக்கூடாது. நீங்கள் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள், ஏறிவிடும்.

மேலே போன பிறகு விளையாட்டு முழுக்க விரலில். வால் இல்லாத பட்டம், நூலை இழுத்தால் மூக்கு பார்க்கும் திசையில் நேராகப் பாயும், தளரவிட்டால் இருந்த இடத்திலேயே சுற்றும். மூக்கு எந்தப் பக்கம் வரவேண்டுமோ அந்தப் பக்கம் வரும் நொடியில் இழுக்க வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் பட்டத்தைத் தரையை உரசுகிற மாதிரி இறக்கித் திரும்ப ஏற்றலாம், எட்டு போடலாம், இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்தே விடலாம். இந்தச் சுகம் தெரிந்தவனுக்கு அடுத்தவன் பட்டத்தை டீல் போட்டு அறுக்கத் தோன்றாது என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

நூலைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். சின்னப் பட்டம்தானே என்று ஆரம்பிக்கும் பழக்கம் பெரிய பட்டத்திலும் வந்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதில் பெரிய கைகாரர்கள். வல்வெட்டித்துறையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்தால் மூங்கிலும் காகிதமும் இவ்வளவு செய்யுமா என்று இருக்கும். வல்வெட்டித்துறை இருக்கும் அதே வடமராட்சிப் பகுதியில்தான், பருத்தித்துறைப் பக்கம், 2021 டிசம்பரில் சிலர் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றைக் கயிறு பிடித்து ஏற்றியபோது மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஒருவரைப் பட்டம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போனது. நல்லவேளை, உயிர் தப்பினார். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. பட்டம் உங்கள் உயரத்தைவிடப் பெரிசு என்றால் கையுறை வேண்டும், மணலில் புதைத்த மூட்டை மாதிரி ஏதாவது ஒன்றில் கயிறு கட்டியிருக்க வேண்டும், "விடு" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும், கால் தரையை விட்டு எழும்பும் வரை யாரும் பிடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. இதையெல்லாம் ஏற்றும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது ஒருவர் உருளையைப் பிடித்திருக்க, இன்னொருவர் நூலின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டே பட்டத்தை நோக்கி நடந்தால் போதும், பட்டம் தானாக இறங்கும்.

கம்பியில் மாட்டினால் பட்டம் போனது என்று விட்டுவிடுங்கள். குச்சி வேண்டாம், கல்லைக் கட்டி எறிவதும் வேண்டாம். ஈர நூலில் மின்சாரம் இறங்கும், கடற்கரையில் நூல் எப்போதும் கொஞ்சம் ஈரம்தான். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, கூப்பிட்டுச் சொல்லலாம்.

பறவைகள் அதிகம் பறப்பது காலையிலும் சாயங்காலமும். குஜராத்தில் பட்டம் விடும் பண்டிகையான உத்தராயணம் சமயத்தில் அரசே இந்த நேரங்களில் பட்டம் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. நாமும் காலை 9 மணிக்கு மேல் ஆரம்பித்து மாலை 5 மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். பறவை ஏதாவது நூலில் சிக்கிவிட்டால் நூலை உருவ வேண்டாம், இறக்கை கிழியும். துணி போட்டு மூடி, நூலைக் கொஞ்சம் தள்ளி வெட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து ப்ளூ கிராஸ் மாதிரியான இடத்துக்குக் கொண்டு போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடைசியாகக் குழு வேலை. போகும் முன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எத்தனை பேர், எந்த நேரம், சாதா பருத்தி நூல்தான் என்று எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்கள், நூலையே காட்டினாலும் நல்லது. வேண்டாம் என்று சொன்னால் வாதாடாமல் வேறு நாள் பாருங்கள். அங்கே போனதும் ஒருவர் மட்டும் பட்டத்தைத் தொடாமல் சாலையையும் நடமாட்டத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஆளுக்கு ஆள் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பையன்களில் யாராவது மாஞ்சாவோடு வந்தால் அத்தனை பேரும் பட்டத்தை இறக்கிவிட்டு, மாஞ்சா இருக்கிற இடத்தில் விடமாட்டோம் என்று அந்தப் பையனிடமே சொல்லுங்கள். பெரும்பாலும் நூலைச் சுருட்டிவிட்டு, "எனக்கும் ஒரு தடவை குடுங்கண்ணா" என்றுதான் கேட்பான், கொடுங்கள். கிளம்பும்போது மணலில் கிடக்கும் நூல் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். ஜனவரியிலிருந்து இந்தக் கரைக்கு முட்டையிட ஆமைகள் வரும், நாயும் மாடும் வருஷம் முழுக்கத் திரியும், எல்லாவற்றின் காலிலும் நூல் சுற்றும். பொறுக்கிய நூலை விரல் நீளத்துக்கு வெட்டிய பிறகு குப்பையில் போடுங்கள், அதற்கு ஒரு கத்தரிக்கோல் பையில் எப்போதும் இருக்கட்டும்.