மனிதப் புவியியல்: புரிதலைச் சோதிக்கும் வினாக்களை அமைப்பது எப்படி?

"மக்கள் அடர்த்தி – வரையறு" என்று கேட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ எல்லா மாணவர்களும் "ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழும் மக்களின் எண்ணிக்கை" என்று பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். அதே மாணவர்களிடம், "2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் அடர்த்தி 555. எகிப்தின் அடர்த்தி நூற்றைச் சற்றே தாண்டும். அப்படியானால் எகிப்தியருக்கு நம்மைவிட ஐந்து மடங்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது என்று சொல்லலாமா?" என்று கேட்டால், பலர் தயங்காமல் "சொல்லலாம்" என்கிறார்கள். எகிப்தின் பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 10 கோடிக்கு மேல். ஆனால் அம்மக்களில் பெரும்பான்மையோர் நைல் பள்ளத்தாக்கிலும் அதன் கழிமுகத்திலுமாக, நாட்டின் நிலத்தில் சுமார் 5 விழுக்காட்டுக்குள் வாழ்கிறார்கள். அந்த 50,000 சதுர கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 பேர் வருகிறார்கள். வரையறையைச் சரியாக எழுதிய மாணவருக்கு, சராசரி என்பது பாலைவனத்தையும் சேர்த்து வகுத்த எண் என்பது மனத்தில் பதியவில்லை. இந்தக் குறையை முதல் வினா காட்டிக்கொடுக்காது, இரண்டாம் வினாதான் காட்டும். இந்த இரண்டாம் வகை வினாக்களை அமைப்பது எப்படி என்பதையே, மேல்நிலை வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் இப்பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வினாத்தாள் தயாரிக்க உட்காரும்போது பாடநூலைத் திறப்பதற்கு முன், ஒரு தாளில் ஒவ்வொரு கருத்துக்கும் நேராக, மாணவர்கள் அதை எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "அடர்த்தி என்றால் நெரிசல்", "இடப்பெயர்வு என்றால் வெளிநாட்டு வேலை", "பிறப்பு குறைந்தால் மக்கள்தொகை உடனே குறையும்", "பெரிய ஊர் என்றால் நகரம்" என்பன போல அந்தப் பட்டியல் அமையும். இந்தத் தவறுகளை வகுப்பறைப் பேச்சிலிருந்தும் சென்ற ஆண்டு விடைத்தாள்களிலிருந்தும் திரட்டலாம். வினா என்பது அந்தத் தவறான எண்ணம் வெளியே வருவதற்கு வழிவிட வேண்டும். அதற்கு வழியே இல்லாத வினாவுக்கு முழு மதிப்பெண் கிடைத்தாலும், நமக்கு எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை.

அடுத்து, வகுப்பில் சொன்ன ஊரைத் தேர்வில் கேட்காதீர்கள். கேரளத்தைக் காட்டி ஒரு கருத்தை நடத்தியிருந்தால், தேர்வில் வேறோர் இடத்தைக் கொடுங்கள். கருத்தை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்க்க முடிகிறதா என்பதே புரிதலுக்கான சோதனை.

ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் உள்ள ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமுமாகப் பட்டைகளாக அடுக்கிக் காட்டும் வயது-பால் கூம்பகத்தை வைத்து இதை விரிவாகப் பார்க்கலாம். கத்தார் நாட்டின் கூம்பகத்தைக் கொடுத்து, "ஆண்கள் பக்கம் இவ்வளவு புடைத்திருப்பதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டேன். அந்நாட்டு மக்கள்தொகையில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஆண்கள். ஒரு மாணவி அழகான கையெழுத்தில், "பெண் சிசுக்கொலை காரணமாகப் பெண்களின் எண்ணிக்கை குறைந்துள்ளது, இதைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது" என்று எழுதியிருந்தாள். அவள் எழுதிய திட்டமும் உண்மை, ஆண்டும் உண்மை. ஆனால் அது நம் மாநிலத்துச் செய்தி, கத்தாருக்குப் பொருந்தாது. பாலின விகிதம் குறைந்திருந்தால் காரணம் ஒன்றுதான் என்று அவள் மனத்தில் பதிந்திருந்தது. படத்தைப் பார்த்து எழுதாமல், பதிந்ததை எழுதிவிட்டாள்.

அந்த விடைத்தாளுக்குப் பிறகு வினாவை மூன்று படிகளாகப் பிரித்தேன். முதற்படியில், ஆண், பெண் பட்டைகளின் நீளம் எந்த வயதிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடத் தொடங்குகிறது என்று மட்டும் கேட்பது. இரண்டாம் படியில், 0–4 வயதுப் பட்டைகள் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருப்பதிலிருந்து எந்தக் காரணத்தை நாம் விலக்கிவிடலாம் என்று கேட்பது. மூன்றாம் படியில், எஞ்சும் காரணம் எது, அறுபது வயதுக்கு மேல் அந்தப் புடைப்பு ஏன் மறைந்துபோகிறது என்று கேட்பது. சிசுக்கொலை காரணமாக இருந்தால் அடிப்பட்டையிலேயே இடைவெளி தெரிய வேண்டும். இருபது வயதுக்குப் பிறகே அது தெரிகிறது என்றால், அந்த ஆண்கள் அங்கே பிறந்தவர்கள் அல்லர், வேலைக்கு வந்தவர்கள். வேலைக்காலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவதால் முதியோர் பட்டைகள் மெலிந்திருக்கின்றன. இந்த மூன்று படிகளையும் தானாக ஏறிவிட்ட மாணவருக்குக் கூம்பகம் புரிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தடுமாறுபவர் எந்தப் படியில் தடுமாறுகிறார் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. படத்தைப் படிக்கவே தெரியாதவருக்கும், படித்ததிலிருந்து முடிவுக்கு வரத் தெரியாதவருக்கும் நாம் செய்ய வேண்டிய உதவி வேறு வேறு.

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு மதிப்பெண் வினாக்களை ஒதுக்க வேண்டியதில்லை. தவறான விருப்பங்கள் பொருளற்றவையாக இருப்பதுதான் அவற்றில் உள்ள பெருங்குறை. மேலே சொன்ன தவறுகளின் பட்டியலிலிருந்து ஒவ்வொரு தவறான விருப்பத்தையும் எடுங்கள். அதோடு, "நீங்கள் தேர்ந்த விடைக்கு இரண்டு வரியில் காரணம் எழுதுக" என்று சேர்த்துவிடுங்கள். சிவகாசியை எடுத்துக்கொள்வோம். "தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் அங்கே வளர்ந்தது ஏன்?" என்றால், "வறண்ட வானிலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். இயற்கையே மனித வாழ்வை முடிவு செய்கிறது என்னும் நியதிவாதத்தையும், இயற்கை தருவது வாய்ப்பு மட்டுமே, தேர்ந்தெடுப்பவர் மனிதர் என்னும் சாத்தியவாதத்தையும் வேறுபடுத்திப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அருகில் இல்லை. வானிலை வறண்டிருப்பது தமிழ்நாட்டில் சிவகாசியில் மட்டுமன்று. 1920-களில் அவ்வூரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த வேளாண்மை வேறு வேலையைத் தேட வைத்தது. இத்தனையையும் ஒரு பத்தியில் கொடுத்து, "இதில் எந்தச் செய்தி நியதிவாதத்துக்குத் துணைநிற்கிறது, எது சாத்தியவாதத்துக்குத் துணைநிற்கிறது, எந்தச் செய்தியை இரு தரப்பாரும் தமக்கென்று எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். மூன்றாம் பகுதிக்கு எழுதும் விடைதான் கூர்மையான மாணவரை அடையாளம் காட்டும். இதற்கு ஒரே ஒரு சரியான விடை இல்லை என்பதால், விடைக்குறிப்பில் முடிவுக்கு அன்று, காரணம் காட்டும் முறைக்கே மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

நகரம் என்பதன் வரையறை எண்களால் ஆனது. ஆகவே அதை எண்களைக் கொண்டே சோதிப்பது நல்லது. இந்தியக் கணக்கெடுப்பில், நகராட்சி, பேரூராட்சி போன்ற சட்டத் தகுதி இல்லாத ஓர் ஊர் நகரமாகக் கணக்கிடப்பட மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும்: மக்கள்தொகை குறைந்தது 5,000, ஆண் முதன்மைத் தொழிலாளரில் (ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள்) குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருப்பது, அடர்த்தி சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400. இப்போது நான்கு கற்பனை ஊராட்சிகளைக் கொடுங்கள். முதல் ஊரில் 6,200 பேர், 20 சதுர கிலோமீட்டர், வேளாண்மை அல்லாத ஆண் தொழிலாளர் 82 விழுக்காடு. இரண்டாவதில் 5,400 பேர், 9 சதுர கிலோமீட்டர், 68 விழுக்காடு. மூன்றாவதில் 5,100 பேர், 10 சதுர கிலோமீட்டர், 78 விழுக்காடு. நான்காவதில் 4,600 பேர், 5 சதுர கிலோமீட்டர், 90 விழுக்காடு. அடர்த்தியை நாம் சொல்லாமல், மாணவர்களே வகுத்துக் காணும்படி விடுவது முக்கியம். பெரிய ஊரைத் தேடுபவர் முதலாவதையும், நெருக்கமான ஊரைத் தேடுபவர் நான்காவதையும் எழுதுவார்; மூன்றையும் பொருத்திப் பார்ப்பவர் மட்டுமே மூன்றாவது ஊருக்கு வந்து சேர்வார். அதன்பின் ஒரு துணைவினா: "பெண் தொழிலாளரையும் கணக்கில் சேர்த்திருந்தால் வரையறை எப்படி மாறியிருக்கும்? அது நியாயமா?" இதற்கு மாணவியர் எழுதும் விடைகளை நான் எப்போதும் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுவேன்.

இடப்பெயர்வில், "வறட்சி – தள்ளு காரணி, வேலைவாய்ப்பு – இழு காரணி" என்று பொருத்தச் சொல்வதால் பயனில்லை. ஒடிசாவிலிருந்து திருப்பூர்ப் பின்னலாடை ஆலைக்கு வந்த ஓர் இளைஞரின் நிலையை ஐந்தாறு வரிகளில் எழுதிக் கொடுங்கள். அதில் முன்பணம் கொடுத்த முகவர், புரியாத மொழி, ஏற்கெனவே இங்கே வேலை செய்யும் அண்ணன், ரயில் பயணம் எல்லாம் வரட்டும். இடப்பெயர்வுக் கோட்பாட்டை வகுத்த எவரெட் லீ 1966-இல் சொன்ன இடைத்தடைகள், அதாவது புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவே குறுக்கிடும் தடைகள், எவை, தடையைக் குறைக்கும் உறவு எது என்று மாணவரே பிரித்தெடுக்கட்டும். கூடவே, இந்தியாவில் பெண்கள் இடம்பெயர்வதற்குக் கணக்கெடுப்பு காட்டும் தலையாய காரணம் எது என்றும் கேளுங்கள். திருமணம் என்பதை எழுதுபவர் மிகக் குறைவு. பக்கத்து ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த தம் அம்மாவும் புவியியலில் ஓர் இடம்பெயர்ந்தவர்தான் என்பது அவர்களுக்கு வியப்பாக இருக்கிறது.

மக்கள்தொகை மாற்றத்துக்கு ஒரே ஒரு வினா போதும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8, பெற்றோர் தலைமுறையை ஈடுசெய்யும் அளவோ 2.1, ஆயினும் மக்கள்தொகை உடனே குறையத் தொடங்கிவிடாதது ஏன்? முந்தைய தலைமுறையில் பிறந்து இப்போது பிள்ளைபெறும் வயதில் இருப்போரின் எண்ணிக்கையைச் சொல்பவர் மக்கள்தொகை மாற்றத்தின் நிலைகளை வெறுமனே மனப்பாடம் செய்தவர் அல்லர். குடியிருப்பு வகைகளுக்கு எழுத்துத் தேர்வைவிடத் தம் தெருவையோ ஊரையோ வரைந்து, கண்மாயும் சாலையும் வீடுகளின் இருப்பிடத்தை எப்படித் தீர்மானித்தன என்று வாய்மொழியாகச் சொல்லச் செய்வதே மேல்.

மொழியிலும் கவனம் வேண்டும். கருத்து புரிந்தும் கலைச்சொல் நினைவுக்கு வராத மாணவர்கள் உண்டு. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களிடம் இதை நிறையக் காண்கிறேன். "இடைத்தடை" என்று எழுதாமல், "பேச்சு தெரியாததால் போகத் தயங்கினான்" என்று எழுதியிருந்தால் அவருக்குக் கருத்து தெரியும். நான்கு மதிப்பெண் வினாவுக்குத் தரவைச் சரியாகப் படித்ததற்கு ஒன்று, காரணத்தைத் தரவோடு இணைத்ததற்கு இரண்டு, கலைச்சொல்லுக்கு ஒன்று என்று பங்கிட்டால், சொல் மறந்தவருக்கு மூன்று கிடைக்கும், சொல்லை மட்டும் அறிந்தவருக்கு ஒன்றே கிடைக்கும்.

திருத்தி முடித்ததும் வினாக்களையும் ஒருமுறை திருத்துங்கள். 45 பேர் எழுதியிருந்தால், மொத்த மதிப்பெண்ணில் முதல் 15 பேரையும் கடைசி 15 பேரையும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு வினாவையும் இரு குழுவிலும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மேல்குழுவில் 12, கீழ்க்குழுவில் 4 என்றால் வேறுபாடு 8, அதை 15-ஆல் வகுத்தால் 0.53, நல்ல வினா. இந்த எண் 0.2-க்குக் கீழே போனால் வினாவின் சொற்களில் குழப்பம் இருக்கலாம், அல்லது எல்லோருக்கும் அது மிக எளிதாகவோ மிகக் கடினமாகவோ இருந்திருக்கலாம். நன்கு படிப்பவர்கள் தவறவிட்டுப் பிறர் சரியாக எழுதிய வினா இருந்தால், அதற்கு எல்லோருக்கும் மதிப்பெண் தந்துவிட்டு வினாவை மாற்றி எழுதுங்கள்.

விடைத்தாளைத் திருப்பித் தரும் நாளில் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன், அதிகமானோர் எழுதிய தவறான விடையை, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, "இப்படி நினைக்கத் தோன்றியது ஏன்?" என்று கேளுங்கள். மூன்று வாரம் கழித்து அதே கருத்தை வேறோர் ஊரை வைத்து ஐந்து நிமிடத் துண்டுத்தாள் வினாவாகக் கேளுங்கள். கத்தார் கூம்பகத்தில் தவறியவர்களுக்கு நான் அம்முறை கொடுத்தது, இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிட்ட ஒரு மலைக்கிராமத்தின் கூம்பகம். அதில் புடைப்புக்குப் பதிலாகப் பள்ளம் இருக்கும். தொட்டில் குழந்தைத் திட்டத்தை எழுதிய அதே மாணவி இம்முறை, "இருபதிலிருந்து நாற்பது வரை ஆண்கள் இல்லை, ஆனால் சிறுவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இவர்கள் இறக்கவில்லை, போயிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள்.